அக்கா வைத்திருந்த துப்பாக்கி

எங்கள் தெருவில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று போர்டு மாட்டிய வீடு அக்காவுடையது ஒன்றுதான். ராஜபாளையத்தில் அப்படி ஒரு போர்டைப் பார்த்தால் யாரும் துணிந்து கேட்டைத் தள்ளிவிட மாட்டார்கள். பால்காரர் தெருவிலேயே நின்று குரல் கொடுப்பார். சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஹாரன் அடித்துவிட்டு வண்டியை விட்டு இறங்காமல் காத்திருப்பார். நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் முதல்முறையாக அந்த வீட்டுக்குள் போனேன்.

"எக்கா, நாயைக் கட்டிப் போட்டுட்டீகளா?" என்று வாசலிலேயே நின்று கேட்டேன்.

"எந்த நாயை?"

"போர்டு மாட்டியிருக்கீகளே."

"போர்டு இருக்குல்ல, பொறவு நாய் எதுக்கு? நாய்க்குச் சோறு வைக்கணும், ஊசி போடணும். போர்டுக்கு என்ன வைக்கணும்? உள்ள வா."

நிலைப்படிக்கு மேலே ஒரு கேமரா இருந்தது. அதன் வயர் சுவரில் போட்ட துளைக்குள் நுழைந்து அங்கேயே முடிந்துபோயிருந்தது. வீட்டுக்குள் எதிலும் இணைக்கவில்லை. அக்கா கையில் கட்டியிருந்த வாட்ச் பல நாள் ஓடாது. ஆனாலும் ஆஸ்பத்திரி வார்டில் நாடி பார்க்கும்போது அந்த வாட்ச்சைப் பார்த்துக்கொண்டேதான் மனசுக்குள் எண்ணுவாள். கணக்கு பிசகியதில்லை. தன்னிடம் இருக்கும் ஒரு பொருள் கெட்டுப்போய்விட்டது என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டதே கிடையாது. அவளைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் நர்ஸ். நான் அங்கேயே ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். என்னைவிட நன்றாக மூத்தவள். நல்ல உயரம். அவள் வார்டுக்குள் நுழைந்தால் முனகிக்கொண்டு கிடப்பவர்களும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். தோளில் குறுக்காக ஒரு பழுப்பு நிறப் பை எப்போதும் தொங்கும். அதற்குள் கைத்துப்பாக்கி இருந்தது.

லைசென்ஸ் உள்ள துப்பாக்கிதான். தேவதானத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அவளுக்கு ஒரு மாந்தோப்பு. கிணற்றுத் தண்ணீர் விஷயத்தில் அக்காவின் கணவருக்கும் பக்கத்துத் தோப்புக்காரருக்கும் வெகுநாள் தகராறு. ஒருநாள் மோட்டார் அறை வாசலில் வைத்து அக்காவின் கணவரை வெட்டிவிட்டார்கள். கண்ணால் பார்த்த ஒரே ஆள் அக்காதான். ஜாமீனில் வெளியே வந்தவர்கள் ஒரு நாள் அவள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி, ஒன்றும் பேசாமல், எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்கள். சாட்சி சொல்லாதே என்று அதற்கு மேல் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து லைசென்ஸ் வாங்கினாள். புதுசு வாங்க வசதி இல்லை. யாரோ வைத்திருந்து விற்ற பழசு ஒன்றை மதுரைக் கடையில் வாங்கினாள். அங்கே இருந்ததிலேயே விலை குறைந்தது அதுதானாம். அவளே சொல்லியிருக்கிறாள்.

அவள் அதை வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அது இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். தெரியும்படி அவள் பார்த்துக்கொண்டாள். ஒருதடவை பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தன், வளைவு வந்தாலும் வராவிட்டாலும் என்மேல் சாய்ந்துகொண்டே இருந்தான். அக்கா திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. பையின் ஜிப்பை நாலு விரல் அளவுக்குத் திறந்து கையை உள்ளே வைத்துக்கொண்டு, "தம்பி, எங்க எறங்கணும்?" என்றாள். அவன் அவள் கையைப் பார்த்தான், பையைப் பார்த்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். அது அவன் இறங்கவேண்டிய இடமாக இருந்திருக்காது. அன்றிலிருந்து அந்தப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கும் ஒரு தைரியம் வந்துவிடும்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அவளும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாளும் பை அதே கனத்தோடு தோளில் இழுத்துக்கொண்டு தொங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அதுக்குள்ள என்னக்கா?"

"மிளகு இடிக்கிற குழவி."

நான் பஸ்ஸிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "கனம் கொறஞ்சா பை தொங்குற தொங்கல்லயே தெரிஞ்சு போவும்ட்டி. பாக்குறவன் கண்ணு பையிலதான இருக்கும்" என்றாள்.

இதை மட்டும் கேட்டால் அவளைத் தந்திரக்காரி என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு விவசாயி குடல் ஆபரேஷனுக்கு வந்திருந்தார். பயத்தில் கையும் காலும் நடுங்கிக்கொண்டே இருந்தது. அக்கா பிரஷர் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து கையில் சுற்றினாள். அதன் ரப்பர் எங்கோ ஓட்டை. காற்று அடைக்க அடைக்க இறங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ரத்தம் எடுக்க நின்ற எனக்கே அது தெரிந்தது. அவள் முகம் மாறாமல் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, "அட, எளந்தாரி கணக்கா இருக்கே! இதுக்கா இம்புட்டுப் பயம்?" என்றாள். அந்த மனுஷனின் நடுக்கம் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் கண் அசந்துவிட்டார். அதன்பிறகு வேறு வார்டிலிருந்து நல்ல கருவியைக் கொண்டுவந்து, அவர் தூக்கம் கலையாமல் சரியாகப் பார்த்து எழுதினாள்.

"நெசத்தச் சொல்றதுக்கு முன்னாடி ஆளு தாங்குற நெலைக்கு வரணும்ல" என்றாள் என்னிடம்.

அக்கா குடும்பத்தில் யாரையாவது தாங்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் அது அவள் தம்பியைத்தான். தாய் தகப்பன் போன பிறகு அக்காதான் அவனை வளர்த்தாள். செட்டியார்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடங்களுக்கு லோடு ஆட்டோ ஓட்டினான். பார்க்க வாட்டசாட்டமாக இருப்பான், மனசு மட்டும் கோழிக்குஞ்சு. சுவரில் பல்லி ஓடினால் எழுந்து வெளியே போய்விடுவான். அத்தானை வெட்டிய பிறகு அவன் ரொம்ப நாள் தூங்கவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவானாம். கைக்குழந்தையோடு அவன் மனைவிதான் அவனையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள்.

துப்பாக்கி வந்த பிறகு அவன் ஆளே மாறிப்போனான். சாயங்காலம் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஆட்டோவோடு காத்திருப்பான். அக்காவைப் பார்த்ததும் முதல் வார்த்தை, "இருக்காக்கா?" அவள் பையைத் தட்டி, "இருக்குலே" என்பாள். அவ்வளவுதான். அதன்பிறகு அவன் வாய் ஓயாது. பேண்டேஜ் மூட்டை ஏற்றிய கதை, டீக்கடையில் நடந்த சண்டை, குழந்தை குப்புற விழுந்தது, எல்லாம் சொல்லிக்கொண்டே எங்களை வீட்டில் இறக்கிவிடுவான். ராத்திரி நன்றாகத் தூங்குகிறான் என்று அவன் மனைவி என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள்.

ஒருதடவை நான் இருக்கும்போதே அவள் அக்காவிடம் கேட்டாள். "மதினி, பழசுன்னு சொல்றீகளே, அது நம்புற மாதிரி இருக்குமா? அவசரத்துக்கு சுடுமா?"

அக்கா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "சுடாம என்ன? சுடத்தான செஞ்சிருக்கான்" என்றாள்.

கணவர் கொலை வழக்கில் அக்கா சாட்சி சொல்லும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாங்காய்க் காலம் வேறு. வியாபாரி காய் பார்க்க வருவதாகச் சொன்னதால் அக்காவும் தம்பியும் தேவதானத்துத் தோப்புக்குப் போனார்கள். வெயில் தாழ்ந்து, வியாபாரி போன பிறகு, இவர்கள் ஆட்டோவை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது பைக்கில் மூன்று பேர் வந்தார்கள். கையில் அரிவாள்.

"ஓடுலே!" என்று அக்கா கத்தியிருக்கிறாள்.

அவன் ஓடவில்லை. அவள் தோள்பையைப் பிடித்து இழுத்து, உள்ளே கையை விட்டுத் துப்பாக்கியை எடுத்தான். அவளைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னே போய் நின்றான். பல்லிக்குப் பயந்தவன். "நீ போக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். வந்தவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அப்புறம் ஒருத்தன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். தம்பி விசையை அழுத்தினான். டக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மறுபடி அழுத்தினான், அதே சத்தம். அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

பக்கத்துத் தோப்புகளிலிருந்து ஆட்கள் ஓடிவருவதற்குள் தம்பியின் உயிர் போய்விட்டது. தடுக்கப் போன அக்காவின் இடது கையில் ஆழமான வெட்டு. ராஜபாளையம் அரசு மருத்துவமனைக்கு நான் ஓடியபோது அவளுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தன் கை இல்லை என்பதுபோல் தையல் ஊசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஓடுலேன்னேன். கேக்கல" என்றாள். பிறகு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஊர் முழுக்கத் துப்பாக்கியைத்தான் திட்டியது. வந்தவர்கள் எல்லாரும், "நேரம் பாத்துக் கழுத்தறுத்துருச்சே" என்றார்கள். தம்பியின் மனைவி அந்த மதுரைக் கடைக்காரனுக்கு மண்ணள்ளித் தூற்றினாள். "காசு வாங்கிட்டு ஓட்டையத் தள்ளி விட்டானே, அவன் வெளங்குவானா? எங்க மதினிய ஏமாத்திட்டானே" என்று தெருவில் உட்கார்ந்து அழுதாள். அக்கா சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அதன்பிறகு இரண்டு பெண்களும் குழந்தையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்காவின் இடது கை சரியாக மடங்காது. தம்பி மனைவிதான் அவளுக்குத் தலை பின்னிவிடுவாள், சேலைக் கொசுவம் பிடித்துவிடுவாள். அக்காவுக்குத் தூக்கம் வராத நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவாள். "எனக்கு இனி அவியதான்" என்பாள் என்னிடம். அந்தக் கவனிப்பை ஏற்றுக்கொள்ளும்போதெல்லாம் அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பி கொலை வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. சாட்சி சொல்லும் நாளில் நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். தம்பி மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில். உள்ளே போகும்முன் வராந்தாவில் எங்கள் முன்னாலேயே அரசு வக்கீல் அக்காவிடம் நிதானமாகச் சொன்னார்: "துப்பாக்கியப் பத்திக் கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்கம்மா. நிபுணர் அறிக்கை இருக்கு. அது வேலை செய்யலன்னு அதுலயே வந்துரும்." அக்கா தலையாட்டினாள்.

கூண்டில் ஏறி நடந்ததை முழுவதும் சொன்னாள். குரல் பிசிறவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவர் கேட்ட கேள்வியெல்லாம் ஒரே இடத்தைச் சுற்றியது. உங்கள் தம்பிதான் முதலில் துப்பாக்கியை நீட்டினார். அவர்தான் முதலில் சுட்டார். குறி தப்பியது. அதன்பிறகுதான் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. உயிருக்குப் பயந்துதான் இவர்கள் திருப்பித் தாக்கினார்கள்.

"அவன் சுடலைங்க" என்றாள் அக்கா.

"உங்களைத் தள்ளிவிட்டுட்டாரு. நீங்க பின்னால நின்னீங்க. அவர் சுட்டாரா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கொலை பண்ணணும்னே துப்பாக்கியோட தோப்புக்கு வந்த ஆள் அவர்னு நான் சொல்றேன்."

அரசு வக்கீல் அக்காவைப் பார்த்து, வேண்டாம் என்று சின்னதாகத் தலையை அசைத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள்.

"சுட்டிருக்க முடியாதுங்க. அந்தத் துப்பாக்கி சுடாது. எனக்குத் தெரியும்."

"எப்பலருந்து தெரியும்?"

"வாங்கினதுலருந்து தெரியும். சுடப் பழக்கிவிட்ட எடத்துல மொத தோட்டா வெடிச்சுது. அடுத்தது சிக்கிக்கிடுச்சு. அதை எடுத்துட்டு மறுபடி போட்டா சத்தம் மட்டுந்தான் வந்துது. கடைக்குக் கொண்டு போனேன். எண்ணெ போட்டுக் குடுத்தாரு. பொறவும் அப்பிடித்தான். வேற வாங்க எனக்கு ஏலாது. சுடுறதுக்கா வாங்குனேன், இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்னு வச்சுக்கிட்டேன்."

"உங்க தம்பிக்கு இது தெரியுமா?"

"தெரியாது. நான் யார்ட்டயும் சொல்லல. ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் பொறவு அதுக்கு மதிப்பு இல்ல."

யாரும் கேட்காமலே அவள் மேற்கொண்டு பேசினாள். நீதிபதி தடுக்கவில்லை.

"அவன் அதை எடுத்து நீட்டினதும் மூணு பேரும் நின்னுட்டானுக. 'அது சுடாதுலே, போட்டுட்டு ஓடு'ன்னு சொல்ல வாயெடுத்தேன் அய்யா. சொன்னா அவனுகளுக்கும் கேட்டுரும். நிக்கிறவனுக அப்பிடியே பயந்து திரும்பிருவானுகன்னு நெனச்சேன். செத்த நேரம். அம்புட்டுத்தான். வாய மூடிக்கிட்டேன். எந்தம்பி கொல பண்ண வந்தவன் இல்ல. எம்பேச்ச நம்பி நின்னவன்."

நான் தம்பி மனைவியின் கையைப் பிடித்தேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

கூண்டிலிருந்து இறங்கி அக்கா வெளியே வந்தபோது அவள் வராந்தாவில் தூணருகே குழந்தையோடு நின்றிருந்தாள். அக்கா பக்கத்தில் போய்ப் பழக்கத்தில் குழந்தைக்குக் கையை நீட்டினாள். குழந்தையும் தாவியது. அவள் தோளுக்கு மாற்றிக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

"நானே உங்ககிட்ட கேட்டேன் மதினி. சுடுமான்னு."

"ஆமா."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ அவன்ட்டச் சொல்லியிருப்ப தாயி. அவனுக்குப் பழையபடி தூக்கம் போயிருக்கும்."

"தூங்காட்டி என்ன மதினி? முழிச்சுக்கிட்டு இருந்திருப்பாவல்ல."

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து அப்படியே உட்கார்ந்தாள். வார்டில் எத்தனையோ சாவுகளை நிமிர்ந்து நின்று பார்த்தவள். அவள் உடைந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அந்த வாரமே தம்பி மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுந்தரபாண்டியத்துக்கு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. அக்காவின் துணிமணிகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டு, மதியச் சோறும் வடித்து வைத்துவிட்டுப் போனாள். மூன்று பேருக்கும் ஆயுள் தண்டனை வந்தது. அக்காவின் சாட்சியைத்தான் நீதிபதி முழுவதும் நம்பினார் என்று அரசு வக்கீல் சொன்னார். தள்ளிப்போயிருந்த கணவர் வழக்கிலும் அவள் போய்ச் சாட்சி சொன்னாள். அதன்பிறகு தோப்பை விற்றுவிட்டு, வேலையையும் விட்டுவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் இல்லம் ஒன்றுக்கு நர்ஸாகப் போய்விட்டாள். குழந்தையைப் பார்க்க ஒருதடவை சுந்தரபாண்டியம் போனதாகவும், தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்ததாகவும் கேள்விப்பட்டேன். எப்போதாவது போன் பண்ணுவேன். "நல்லாருக்கேன்ட்டி, கை முன்னைக்கு இப்ப நல்லா மடங்குது" என்பாள். அவள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் தம்பி மனைவியைப் பார்த்தேன். பெண் வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூட யூனிபார்மில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்படியே அப்பா ஜாடை. நலம் விசாரித்துவிட்டு இருவரும் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள்தான் ஆரம்பித்தாள்.

"மதினிட்டப் பேசுவீகளா?"

"எப்பவாச்சும் பேசுவேன்."

"சாப்புடுதாவளா ஒழுங்கா?"

"சாப்புடுதேன்னுதான் சொல்றாக."

அவள் மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்குக் கோர்ட்டுல அவிய தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லக்கா. வக்கீலே அப்பிடித்தான சொல்லிக் குடுத்தாரு? வாழ்நாள் பூரா எதுவும் கெட்டுப்போவலன்னு சொன்னவிய, அன்னைக்கு ஒரு நாள் சொல்ல மாட்டாவளா? நான் நம்பியிருப்பேன். அவியகூடவே இருந்திருப்பேன்."

அவள் பஸ் வந்துவிட்டது. மகளை முன்னால் ஏற்றிவிட்டுப் படியில் நின்று திரும்பினாள்.

"அவியட்ட நான் கேட்டேன்னு சொல்லாதீக" என்றாள்.